பனிக்கட்டியின் கைகள்

பார்த்த மாத்திரத்தில் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அக்கா சொல்லிவிடுவாள். நீங்கள் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. லிஃப்டில் உடன் நின்ற அந்நியரிடம், "நீங்க காத்து. ஆரம்பிச்ச எதையும் முடிச்சிருக்க மாட்டீங்களே?" என்று அவள் கேட்கப்போய், அந்த மனிதர் தன் தளம் வருவதற்கு முன்பே இறங்கி ஓடியிருக்கிறார்.

பிரபலங்களின் மெழுகுச் சிலைக் கூடத்தில் அவள் தலைமைச் சிற்பி. காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். மேனேஜர் அவளைவிட மூத்தவர். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் அவளிடம் போய்ச் சொல்லும் தைரியம் கிடையாது.

அவள் வேலை செய்யும் முறை தனி. களிமண்ணில் கை வைக்கும் முன்பு, சிலையாகப் போகிறவரின் வாழ்க்கை வரலாற்றைக் கரைத்துக் குடித்துவிடுவாள். பழைய பேட்டிகளை ஓட்டி ஓட்டிப் பார்ப்பாள். பிறகு தீர்ப்பு சொல்வாள். மனிதர்கள் நாலே ரகம் என்பது அவள் கட்சி. மேசையைத் தட்டித் தட்டியே சட்டம் கொண்டுவந்த பெண் அமைச்சர் நெருப்பு. அவர் சிலைக்கு எடை முழுவதும் முன்காலில். மேடையே தாங்காத அளவுக்குச் சிரிக்க வைத்த நடிகர் காற்று. அவருக்கு விரிந்த உள்ளங்கை, எப்போதும் பக்கத்து ஆளைத் தொடப் போகிற மாதிரி. நாற்பது வயது வரை தன் பாட்டை யாருக்கும் பாடிக் காட்டாத பாடகி நீர். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். துருவத்துப் பனியில் கூட்டாளிகளைத் தொலைத்துவிட்டு ஒற்றை ஆளாக நடந்து வந்தவர் பாறை. குதிகாலில் எடை, தளர்ந்து தொங்கும் கைகள். முகம் அச்சாக வந்தும் சிலை பொம்மை மாதிரி நிற்கிறதென்றால், ரகத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என்பாள். பார்க்க வருகிற கூட்டமும், "அப்படியே உயிரோட நிக்கிற மாதிரி இருக்கே!" என்று வாயைப் பிளக்கும். அப்புறம் அவள் ஏன் மாற்றிக்கொள்ளப் போகிறாள்?

பட்டறையோடு இது நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

அம்மா அப்பா போன பிறகு தங்கையை வளர்த்தது அக்காதான். தங்கையும் அதே பட்டறையில்தான் வேலை செய்தாள். சிலையின் தலையில் ஊசியால் ஒவ்வொரு முடியாக நடுகிற வேலை. அதிர்ந்து பேசமாட்டாள், கூட்டத்தில் சுவரை ஒட்டி நடப்பாள். அக்காவின் அகராதியில் அவள் அசல் நீர். நீருக்குப் பாறைதான் பொருத்தம் என்று அக்கா தேடிக்கொண்டிருந்தபோது, கூடத்துக்கு விளக்கு அமைக்க ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தான். மெதுவான குரல், மெதுவான நடை. ஏணியிலிருந்து விலை உயர்ந்த விளக்கு ஒன்று விழுந்து சுக்குநூறானபோது கூட, போட்டுடைத்த உதவியாளரிடம், "பரவாயில்ல, அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும்தான் சொன்னான். நானாக இருந்தால் கூரையைப் பிய்த்திருப்பேன் என்று அக்கா அசந்துபோனாள். அந்த உதவியாளர் அடுத்த வாரமே சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. பேசி முடித்தாள். வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணப் பதிவு.

நடுவில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கை சொன்னாள், "எனக்குப் பயமா இருக்குக்கா."

"நீருன்னா பயப்படத்தான் செய்யும். அந்தப் பாடகிகூட முதல் கச்சேரி அன்னிக்கு மயக்கம் போட்டு விழுந்தவங்கதான்" என்றாள் அக்கா. பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வாரத்தில்தான் பனிக்கட்டி வருகிற நாளும் வந்தது.

பனிக்கட்டி என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அவர் ஓய்வு பெற்ற கால்பந்து கோல்கீப்பர். அரங்கமே ஊளையிட்டாலும் கோல் கம்பங்களுக்கு நடுவே கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கோபப்படாத மனிதர் என்று அவர் வரலாற்றுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நாட்டில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி அதட்டியிருக்கிறார்கள். பாறை ரகத்துக்கு அக்கா உதாரணம் காட்டுகிற ஆளே அவர்தான். மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தபோது தங்கையிடம், "சின்ன பனிக்கட்டிடி அவரு" என்று சொல்லியிருந்தாள்.

சிலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர் வந்து பார்த்துச் சம்மதம் சொன்னால் கூடத்துக்குப் போகும். மகளோடு வந்தார். மகளுக்கு முப்பது வயது இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மேனேஜர் கைகுலுக்கிய கையைக் கழுவமாட்டேன் என்கிற முகத்தோடு பின்னால் வந்தார்.

பட்டறையின் நடுவில் முன்பக்கம் மட்டும் துணி தொங்கவிட்டு நின்றது சிலை. அதன் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, பிடரியில் விட்டுப்போன முடிகளைத் தங்கை நட்டுக்கொண்டிருந்தாள். அக்கா துணியை இழுத்தாள்.

பனிக்கட்டி தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அருமையா இருக்கும்மா. என்னைவிட நல்லா இருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மகளும் சிரித்தாள். சிரித்த வேகத்தில், யோசிக்காமல், வாயிலிருந்து வந்துவிட்டது. "கைதான் வேற யாரோட கை மாதிரியோ இருக்கு. அப்பாவுக்குக் கட்டைவிரல் உள்ளே மடங்கி இருக்குமே."

அவள் சொல்லி முடித்ததும் முகம் மாறியதை அக்கா பார்த்தாள். வாசலில் வந்து யாரோ சாவுச் சேதி சொன்ன மாதிரி முகம் வெளிறிப்போனது.

"அப்படியா?" என்றார் பனிக்கட்டி. குரல் அதே மென்மை, முகத்தில் அதே புன்னகை. "வேற என்னல்லாம் தெரியும் உனக்கு? சொல்லும்மா. எல்லாரும் கேக்கறாங்க பாரு."

"இல்லப்பா. நான் சரியாப் பாக்கல. சரியாத்தான் இருக்கு."

"பரவாயில்ல. வண்டியில பேசிக்கலாம்."

மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவால் முடியவில்லை. மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் பார்த்தாள். அவர் வலது கையில் கட்டைவிரல் மெல்ல உள்ளே போனது. மற்ற விரல்கள் அதன்மேல் ஒன்றொன்றாக, அவசரமே இல்லாமல் மூடின.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். அச்சு எடுப்பதற்காக அவர் கைகளைக் கூழுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று, முதல் அச்சு இப்படித்தான் வந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கிய முஷ்டி. 'பாறைக்கு ஏது முஷ்டி, அச்சு கெட்டுப்போச்சு' என்று குப்பையில் போட்டுவிட்டு, "கையைத் தளர்வா விடுங்க சார்" என்று இரண்டாவது அச்சு எடுத்தவள் அவளேதான். அவருடைய உடம்பு தன் வாயால் சொன்னதைத் தூக்கி எறிந்துவிட்டு, புத்தகத்தில் படித்ததை வார்த்து வைத்திருந்தாள்.

எப்படியாவது அந்தப் பெண்ணை வண்டியில் ஏறாமல் கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டும் என்று மட்டும் தோன்றியது. "சார், உங்களுக்கும் பொண்ணுக்கும் ஒரே கண் நிறம். கண்ணாடிக் கண்ணை இவங்க கண்ணோட ஜன்னல் வெளிச்சத்துல ஒருதரம் ஒத்துப் பாத்துடறேனே. நீங்க அதுக்குள்ள கூடத்தைச் சுத்திப் பாருங்க" என்றாள்.

அவர் மகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தாராளமா. காத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி மேனேஜரோடு நடந்தார்.

அக்கா கதவைச் சாத்தினாள். கண்ணாடிக் கண்கள் இருந்த தட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

"கையை மாத்திடறேன்" என்றாள் அக்கா. "நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது."

"வேண்டாம்! தயவுசெஞ்சு மாத்தாதீங்க." மகள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்தினா நான் சொல்லித்தான் மாத்தினீங்கன்னு ஆயிடும்."

"அவரு புத்தகத்துல இதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா."

"எழுதறவர் வீட்டுக்கு வந்தப்போ டீ குடுத்ததே நான்தான். அப்பா வீட்டுலயும் இப்படித்தானான்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன். அப்பா பக்கத்துல உக்காந்திருந்தார்."

எத்தனை பிரபலங்களின் வாழ்க்கையை இப்படிப் படித்துவிட்டு, அவர்களுக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று அக்கா எண்ணிப் பார்த்தாள். "நீங்க போகாதீங்க. இங்கேயே இருங்க. நான் யார்கிட்ட வேணா பேசறேன்" என்றாள்.

"அம்மா வீட்டுல இருக்காங்க. நான் போகலைன்னா அவங்கதான்..." என்றாள் மகள். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை என்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, "கண்ணு சரியா ஒத்துப்போகுதுப்பா" என்று கலகலப்பாகச் சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் கலகலப்பை நேற்றுக் கேட்டிருந்தால் காற்று என்று அக்கா எழுதி ஒட்டியிருப்பாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். பனிக்கட்டி மகளுக்காக வண்டியின் கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, விரல் நசுங்காமல் பார்த்துச் சாத்தினார். தெருவில் நின்ற இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு கையசைத்தார்கள்.

அக்கா திரும்பினாள். அத்தனை நேரமும் தங்கை அந்த முக்காலியிலேயே இருந்தது அப்போதுதான் உறைத்தது. ஊசி கையில் இருந்தது, வேலை நடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாப்பிள்ளை. தோளில் மின்கம்பிச் சுருள். "அக்கா, கூடத்துல வெளிச்சம் வெச்சாச்சு" என்றவன், தங்கையைப் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்தினான். "காலையில ரெண்டு தடவை போன் பண்ணேன். எடுக்கல. கொஞ்சம் வெளிய வா."

தங்கை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

அக்காவும் பார்த்தாள். அவன் கை சாதாரணமாகத்தான் கம்பிச் சுருளைப் பிடித்திருந்தது. முஷ்டியும் இல்லை, கட்டைவிரலும் மடங்கவில்லை. படித்துச் சொல்ல அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் தங்கையின் பார்வை, சற்று முன் இதே அறையில் நின்ற அந்தப் பெண்ணின் பார்வை.

"வேலை பாதியில இருக்கு தம்பி. நான் அனுப்பறேன்" என்றாள் அக்கா.

"சரிங்கக்கா. வெளியிலயே நிக்கறேன்."

கதவு மூடியது. அதன் மேல்பாதி மங்கலான கண்ணாடி. அவன் உருவம் அதில் அசையாமல் நின்றது. அக்கா முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். யாரையும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவளுக்கு, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"உன்னை அடிச்சானா?"

தங்கை தலையாட்டி மறுத்தாள். ஊசியை முக்காலி விளிம்பில் குத்தி வைத்தாள். "அடிக்கல. போன மாசம் மேனேஜர் ஏதோ ஜோக் சொன்னார்னு சிரிச்சேன். அதை இவர் பாத்துட்டார். வீட்டுல விடறேன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், எங்கயோ ஒரு வெட்டவெளியில நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏத்தி, வெளியில பூட்டிட்டு நடந்துபோயிட்டார். நல்ல வெயில். நான் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பாத்தேன். அப்புறம் தட்ட முடியல. திரும்பி வந்து கதவைத் திறந்து, தண்ணி பாட்டிலை நீட்டி, 'இப்ப பாரு, எவ்வளவு அமைதியா இருக்கே'ன்னு சொன்னார். கோபமே படலக்கா. ஒரு சொட்டுக் கோபம் இல்ல."

அன்று சாயங்காலம் தங்கை தலைவலி என்று படுத்ததும், 'வெயில்ல போகாதேன்னா கேக்கறியா' என்று தான் திட்டியதும் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேனே." தங்கை அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம்சாட்டுவது கூட இல்லை, வெறும் அலுப்புதான் இருந்தது. "பயமா இருக்குன்னேன். அது உன் ரகம்னுட்டே. பிடிக்கலைன்னேன். பாறை மெதுவாத்தான் பிடிக்கும்னே. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, என் புத்திதான் அப்படியோன்னு."

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுகிற பழக்கமும் இல்லை என்பதால் அது வழக்கமான வழியில் வெளியே வந்தது. எழுந்து போய்க் கதவைத் தடாலென்று திறந்தாள். "இந்தக் கல்யாணம் நடக்காது. கிளம்பு. உன் கம்பி, ஏணி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இந்த நிமிஷமே கிளம்பு!"

சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மேனேஜர் ஓடி வந்தார். வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை பதறவில்லை. கம்பிச் சுருளைக் கீழே வைத்தான். "அக்கா, நீங்க நெருப்பு. நீங்களேதானே சொல்வீங்க? சூட்டோட பேசறதை நெருப்பே அப்புறம் மறந்துடும்னு. நான் தப்பா எடுத்துக்கல. ஆறட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"அதானே! அக்காவுக்கு இது தினம் நடக்கறதுதானே. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க தம்பி" என்றார் மேனேஜர். வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும், எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும், அது நெருப்பின் கணக்கில்தான் சேரும் என்று புரிந்தது. கத்தினால் ரகம். கத்தாவிட்டால் ஆறிவிட்டாள். அவளே கட்டிய கூண்டு அது, பூட்டு மட்டும் அவன் கையில். மாப்பிள்ளை அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, "வா, வீட்டுல விட்டுடறேன்" என்றான். அவ்வளவு இதமாகச் சொன்னான். கேட்டவர்கள் யாராக இருந்தாலும் அவன் பக்கம்தான் சேர்வார்கள்.

"அக்கா சொல்லல. நான் சொல்றேன்."

தங்கை எழுந்து வந்திருந்தாள். குரல் நடுங்கியது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை. "எனக்கு உங்களோட கல்யாணம் வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். இனிமே போன் பண்ணாதீங்க."

"பயத்துல பேசறே" என்றான் அவன். "நீ எதுக்குத்தான் பயப்படல? யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. பயம்தான். பயந்துக்கிட்டேதான் சொல்றேன், வேண்டாம்." பிறகு மேனேஜரின் பக்கம் திரும்பினாள். "சார், இவர் என்னை வண்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனவர். வெயில்ல. நீங்க சொன்ன ஜோக்குக்கு நான் சிரிச்சேன்னு."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு, இதுவரை யாரும் அவரிடம் பார்த்திராத விதத்தில், இருவருக்கும் நடுவே வந்து நின்றார். "தம்பி, வாங்க. வாசல் வரைக்கும் வரேன்" என்றார்.

அக்காவுக்கு நாக்கின் நுனி வரை ஆயிரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கம்பிச் சுருளை எடுத்துத் தோளில் மாட்டினான். யாரையும் முறைக்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோ" என்று தங்கையிடம் சொன்னான். மெதுவான அதே நடையில் போனான். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது, வண்டி கிளம்பும் சத்தம் கேட்க வெகு நேரம் ஆயிற்று.

தங்கை முக்காலியில் போய் உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் போனாள். என்ன சொல்வது? நீ தைரியசாலி என்று சொல்லலாமா? அதுவும் ஒரு ரகம்தானே என்று தயங்கினாள். கடைசியில், "நான் என்ன செய்யணும்? சொல்லு" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் தங்கையின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ள அவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று இருப்பது அவளுக்கும் புதிது.

"இன்னிக்கு ராத்திரி என்னைத் தனியா விடாதே. போகும்போது பின்பக்க வழியாப் போலாம்" என்றாள். "இப்போ அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வாக்கா."

அக்கா போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.